மோட்டார் போடும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு

கிணற்று மேட்டில் இருக்கிற உங்கள் மோட்டாரின் தகட்டை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 5 எச்.பி. என்று இருக்கும், 415 வோல்ட் என்று இருக்கும், கூடவே 50 ஹெர்ட்ஸ் என்று ஒரு எண்ணும் இருக்கும். எச்.பி. நமக்குத் தெரியும். வோல்ட்டும் தெரியும், அது குறைந்தால் மோட்டார் உறுமும், காயில் கருகும், கட்டுவதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். இந்த 50 என்ன என்று மட்டும் நாம் கேட்டதே இல்லை. ஆனால் நமக்கு எப்போது மும்முனைக் கரண்ட் வரும், எப்போது போகும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது அந்த எண்தான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. அது தகட்டில் இல்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிற மின்சாரத்தின் சந்தை விலை.

போன மாதக் கூட்டத்தில், புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "அண்ணா, விவசாயிக்கு இலவசமாக் குடுக்கறதாலதான் மின்வாரியம் நஷ்டத்துல ஓடுதுன்னு டீக்கடையில கூடப் பேசறாங்க. நாம என்ன பதில் சொல்றது?" கோபமாகப் பதில் சொல்ல நம்மிடம் ஆட்கள் நிறைய உண்டு. கணக்கோடு பதில் சொல்ல இந்த இரண்டு எண்களையும் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கரண்ட்டுக்கும் ஒரு மண்டி

மின்சாரத்துக்குச் சந்தை இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குப் புதுச் செய்தி. நாட்டில் விற்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி, வாரியங்கள் மின் நிலையங்களோடு போட்டுக்கொண்ட நீண்டகால ஒப்பந்தங்கள் வழியாகத்தான் வருகிறது. மீதியில் ஒரு பங்கு தினசரி ஏலத்தில் கைமாறுகிறது. 2008-ல் இந்தியாவில் மின்சாரப் பரிமாற்றச் சந்தைகள் தொடங்கின. நாளைக்கு வேண்டிய மின்சாரத்துக்கு இன்றைக்கு ஏலம். ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டினால் 96 துண்டு வரும். 96-க்கும் தனித்தனி விலை. 2020 ஜூன் 1 முதல், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கிற உடனடி ஏலமும் சேர்ந்துகொண்டது. காலையில் போட்ட கணக்கு மத்தியானம் மேகம் கூடியதால் பிசகினால், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் விற்றுக்கொள்ளலாம்.

விலை எப்படித் தீர்மானமாகிறது? நம் தக்காளி மண்டியில் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு ஏலம், ஒரு விலை. மின் சந்தையில் அப்படி இல்லை. விற்பவர்கள் எல்லோரும் தங்கள் விலையை எழுதிக் கொடுக்கிறார்கள். குறைந்த விலையிலிருந்து மேலே அடுக்குகிறார்கள். வாங்குகிறவர்களின் தேவை எந்த இடத்தில் நிறைகிறதோ, அந்தக் கடைசிக் கூடையின் விலைதான் எல்லோருக்கும் விலை.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சூரிய மின்காரர் அடுக்கின் அடியில் நிற்கிறார். அவருக்கு எரிபொருள் செலவே இல்லை, வெயில் சும்மா வருகிறது. அதற்கு மேல் காற்றாலை. அதற்கு மேல், சுரங்கத்துப் பக்கத்திலேயே இருக்கிற அனல் நிலையம் 3 ரூபாய் என்கிறது. தூரத்திலிருந்து நிலக்கரி கொண்டுவரும் நிலையம் 5 ரூபாய் என்கிறது. இறக்குமதி எரிவாயுவில் ஓடுகிற நிலையம் 10 ரூபாய்க்குக் குறையாது என்கிறது. மத்தியானம் 12 மணிக்கு வெயில் மின்சாரமே ஏராளமாக இருப்பதால் தேவை அடியிலேயே நிறைந்துவிடுகிறது, விலை விழுகிறது. சாயங்காலம் 7 மணிக்குச் சூரியன் இல்லை, வீட்டுக்கு வீடு விளக்கு, டிவி, ஏ.சி. போடுகிறார்கள். அடுக்கின் உச்சிவரை ஏறினால்தான் தேவை நிறைகிறது. அப்போது உச்சியில் இருப்பவர் சொன்ன விலைதான் எல்லோருக்கும்.

இதனால்தான் ஒரே நாளில் ஒரே யூனிட்டுக்கு மத்தியானம் 2, 3 ரூபாய், சாயங்காலம் 10 ரூபாய் என்று வருகிறது. வெயில் நன்றாக அடித்து, தேவை குறைந்திருக்கிற நாட்களில் மத்திய வேளை விலை அதற்கும் கீழே போகிறது. மேலே போவதற்கு மட்டும் தடுப்பு இருக்கிறது. 2022 மார்ச்சில் நிலக்கரித் தட்டுப்பாட்டோடு கோடையும் சேர்ந்தபோது விலை 20 ரூபாயைத் தொட்டது. அதன் பிறகு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முதலில் 12 ரூபாய் என்றும், 2023 ஏப்ரலில் இருந்து 10 ரூபாய் என்றும் உச்சவரம்பு வைத்தது. மாலை நேரத்தில் அந்த 10 ரூபாய்ச் சுவரில் விலை போய் முட்டுகிற நாட்கள் இன்றும் உண்டு.

தக்காளி விலை தெருவுக்கு வந்தால் நாம் அழுகிறோம். அது அழுகும் பண்டம், வைத்திருந்து விற்க முடியாது என்பதுதானே காரணம்? மின்சாரம் அதைவிட மோசமான பண்டம். தக்காளி நாலு நாள் தாங்கும். மின்சாரம் உற்பத்தியான நொடியிலேயே செலவாக வேண்டும். இங்கேதான் அந்த 50 வருகிறது.

ஒரே வடம், ஒரே நடை

ஊர்த் தேர் இழுக்கிறதை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்து நூறு பேர் இழுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நடை நடந்தால்தான் தேர் சீராக நகரும். மேடு வந்தால் நடை தளரும்; எல்லோரும் இன்னும் தம் பிடித்து இழுக்க வேண்டும். இறக்கம் வந்தால் தேர் பாயும். பின்னாலிருந்து முட்டுக்கட்டை போட வேண்டும்.

இந்தியாவின் மின் கட்டமைப்பு அப்படி ஒரு தேர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லா மின் நிலைய இயந்திரங்களும் ஒரே வடத்தைப் பிடித்து ஒரே நடையில் சுற்றுகின்றன. அந்த நடைதான் நொடிக்கு 50 சுற்று என்கிற அதிர்வெண். 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்தியா தனித் தேராக ஓடியது. அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் உயர் அழுத்த மின்பாதை வழியாக வடக்கோடு நாமும் ஒரே தேராக இணைந்தோம்.

நாம் மோட்டாரைப் போட்டால் அது தேருக்கு ஒரு மேடு. நிறுத்தினால் ஒரு இறக்கம். உற்பத்தியும் செலவும் சமமாக இருக்கும்வரை எண் 50-லேயே நிற்கும். செலவு மிஞ்சினால் 49.9, 49.8 என்று இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் 50-க்கு மேலே ஏறும். நம் நாட்டில் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலை ஒன்று பழுதாகி நின்றால், நூறு பேரில் பலசாலி நாலு பேர் திடீரென்று வடத்தை விட்டுவிட்டது போல. மற்றவர்கள் அந்த நொடியே தாங்க வேண்டும்.

தாங்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜூலை 30, 31 தேதிகள் சாட்சி. பருவமழை பொய்த்துப்போன அந்த நாட்களில் வடக்கே பாதைகள் சுமை தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் இருண்டன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. தென்னகம் அப்போது தனித் தேராக இருந்ததால் தப்பியது.

தாங்கிய கதையும் ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரல் 5, ஊரடங்கு காலம். இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். சில நிமிடங்களில் நாட்டின் மின் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்து, மறுபடியும் ஏறியது. தேர் ஒரே இறக்கத்தில் பாய்ந்து அடுத்த மேட்டில் ஏறியது போல. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஓடவிட்டு, அந்த நிமிடங்களில் சட்டென்று குறைத்து, பிறகு சட்டென்று ஏற்றிச் சமாளித்தார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது.

முட்டுக்கட்டை போடுபவருக்கும் கூலி

தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர் வடம் இழுப்பதில்லை. ஆனால் அவர் இல்லாமல் தேர் நிலைக்கு வராது. மின் கட்டமைப்பிலும் அப்படி வேலை செய்பவர்களுக்குத் தனிக் கூலி உண்டு. துணைச் சேவைகள் என்று பெயர். 2016-ல் இந்தியாவில் இது தொடங்கியது. 2022-ல் விதிகள் விரிவாக்கப்பட்டன. அந்த வேலை மூன்று அடுக்காக நடக்கிறது.

முதல் அடுக்கு, நொடிகளில். சுற்றிக்கொண்டிருக்கும் கனமான இயந்திரத்தின் வேகமே முதலில் தாங்கும். கனமான தேர் சட்டென்று நிற்காது அல்லவா, அது போல. அதற்குள் இயந்திரத்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி நீராவியையோ தண்ணீரையோ கூட்டிவிடும்.

இரண்டாவது அடுக்கு, தேசிய சுமை அனுப்பும் மையத்தின் கணினி நிலையங்களுக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை "கூட்டு, குறை" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. சொன்ன 30 நொடிக்குள் தொடங்கி 15 நிமிடத்துக்குள் முழுதாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது அடுக்கு, ஓய்வாக இருக்கும் நிலையத்தை 15 நிமிடத்துக்குள் களத்தில் இறக்கி, ஒரு மணி நேரமாவது ஓட்டுவது.

இதில் நமக்கு முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. 2022 விதிகளின்படி, இரண்டாவது அடுக்குச் சேவையை மின் நிலையம்தான் தர வேண்டும் என்றில்லை. மின்சாரத்தைச் சேமித்து வைப்பவரும் தரலாம். கேட்ட நேரத்தில் தன் செலவைக் கூட்டவோ குறைக்கவோ முடிகிற நுகர்வோரும், தனியாகவோ கூட்டாகவோ, தரலாம். தேர் மேட்டில் திணறும்போது இன்னொருவர் வந்து இழுப்பதும், தேரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இறங்கிக்கொள்வதும் ஒரே உதவிதான். இரண்டாவது உதவிக்கும் கூலி உண்டு என்று விதி ஒப்புக்கொள்கிறது.

சேமித்து வைப்பதற்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின் நிலையம், 1980களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகிறது. மிச்சக் கரண்ட் இருக்கும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடான நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். தலா 100 மெகாவாட் கொண்ட நாலு இயந்திரம், மொத்தம் 400 மெகாவாட். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம், இறக்கும்போது கிடைப்பதைவிட அதிகம்தான். இருந்தும் அது லாபம். மலிவான நேரத்து யூனிட்டைக் கொடுத்து, விலையேறிய நேரத்து யூனிட்டை வாங்குகிறார்கள்.

பெயரில்லாத சேவை, கூலியில்லாத சேவை

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் ஆகும். அப்படி ஒரு லட்சம் மோட்டார் சேர்ந்து ஓடினால் 400 மெகாவாட். கடம்பாறை நாலு இயந்திரமும் முழுதாக ஓடினால் வருவது அவ்வளவுதான். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிற இந்தக் காலத்திலும், நம் மோட்டார்கள் ஓடுவதும் நிற்பதும் தேரையே அசைக்கிற விஷயம்.

இது சுமை அனுப்பும் மையத்துக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் மும்முனைக் கரண்ட்டை இத்தனை வருடமாக முறை வைத்துக் கொடுத்தார்கள். பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று நாம் வாங்கிய காலத்தை மறக்க முடியுமா? இந்தப் பிரிவுக்கு இந்த வாரம் காலையில், அந்தப் பிரிவுக்கு மதியத்தில் என்று மாற்றி மாற்றி வந்தது. தொழிற்சாலையும் நகரமும் குறைவாக இழுக்கிற நடுநிசியில் நம்மை இழுக்கச் சொன்னார்கள். மாலை உச்ச நேரத்தில் நம்மை இறக்கிவிட்டார்கள். டார்ச் லைட்டும் கையுமாக, காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, மஞ்சளுக்கும் வாழைக்கும் மடை மாற்றினோம். கண் விழித்ததில் மறுநாள் வேலை கெட்டது. தூக்கக் கலக்கத்தில் ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு உயிர்விட்டவர்கள் இல்லாத வட்டாரம் உண்டா?

மின் பொறியாளர் மொழியில் இதற்குப் பெயர் சுமை மேலாண்மை. தேர் கவிழாமல் இருக்க ஒருவர் இறங்கி நடப்பது. நாம் நாற்பது வருடமாக அதைச் செய்துகொண்டிருக்கிறோம். ஆனால் கணக்கில் நமக்கு எழுதப்பட்டது மானியம் மட்டும்தான். நாம் கொடுத்த சேவைக்குப் பத்தியே இல்லை.

அந்த மானியக் கணக்கையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். ஒரு மோட்டார் நாலு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். சந்தை விலை 3 ரூபாய் இருக்கும் மத்தியானத்தில் ஓடினால் அதன் மதிப்பு 48 ரூபாய். 10 ரூபாய் விற்கும் முன்னிரவில் ஓடினால் 160 ரூபாய். தண்ணீர் ஒன்றுதான், மோட்டார் ஒன்றுதான், பயிர் ஒன்றுதான். மாறியது நேரம் மட்டும். அப்படியிருக்க, வருடம் முழுக்க எல்லா யூனிட்டுக்கும் ஒரே சராசரி விலை போட்டு, "விவசாயிக்கு இவ்வளவு கோடி" என்று சொல்வது பாதிக் கணக்கு. எந்த நேரத்தில் கொடுத்தீர்கள் என்று சொன்னால்தான் முழுக் கணக்கு.

டீக்கடையில் நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "அண்ணே, நாங்க பகல்லதான் கரண்ட் கேக்கறோம். பகல்லதான் அது மலிவு. ராத்திரி எங்களை எழுப்பி விடறது எங்களுக்கும் நஷ்டம், வாரியத்துக்கும் நஷ்டம்."

இருபது வருடத்துக்கு முன்னால் இந்தப் பதில் செல்லாது. அப்போது பகலில் தட்டுப்பாடு, நள்ளிரவில் மிச்சம். சூரிய மின்சாரம் வந்து நிலைமையைத் தலைகீழாக்கிவிட்டது. கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2016-ல் வந்தது. அதற்குப் பிறகு தென் மாவட்டங்களில் வறண்ட நிலமெல்லாம் கண்ணாடிப் பலகையாகிக்கொண்டு வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் உடுமலை, பல்லடம் பக்கமும் காற்றாலைகள் சுழன்று தள்ளுகின்றன. எடுக்க ஆளில்லாமல் காற்றாலையை நிறுத்தச் சொல்கிற நாட்களும் உண்டு. பகல் மின்சாரத்துக்கு ஆள் தேடுகிற காலம் இது. மத்திய அரசின் 2023 விதியே, வெயில் நேர மின்சாரத்துக்குக் கட்டணத்தைக் குறைந்தது 20 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. அந்த விதி விவசாய இணைப்புகளை மட்டும் விட்டுவிட்டது. கட்டணமே இல்லாத நமக்கு அந்தத் தள்ளுபடி வேண்டியதில்லை. ஆனால் அந்த விதியின் நியாயம் நமக்கும் வேண்டும்: வெயில் நேரத்தில் எடுப்பவர் தேருக்கு உதவுகிறார்.

உச்சி வெயிலில் தண்ணி கட்டலாமா?

இயற்கை விவசாயி உடனே இதைக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். மத்தியான வெயிலில் பாத்தியில் பாய்ச்சினால் தண்ணீர் கூடுதலாக ஆவியாகும். தண்ணீர் எடுக்கும் நேரமும் பாய்ச்சும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் பதில். 11 மணிக்கு எடுத்து மேட்டில் இருக்கும் தொட்டியிலோ பண்ணைக்குட்டையிலோ நிரப்பலாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் மடை திறந்தால் கரண்ட் இல்லாமலே இறங்கும். கடம்பாறை செய்வதும் இதுதான். உங்கள் தோட்டத்து மேட்டுத் தொட்டி ஒரு சின்னக் கடம்பாறை. பல லட்ச ரூபாய் பாட்டரி செய்கிற வேலையைச் சிமெண்ட் தொட்டி செய்கிறது.

மண்ணும் ஒரு தொட்டிதான். மூடாக்கு போட்டு, மக்கு சேர்த்து, கரிமச் சத்து ஏறிய மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்த நிலம் இன்றைக்குத் தண்ணீர் இல்லை என்றாலும் இரண்டு நாள் பொறுக்கும். பொறுக்கிற பயிருக்குத்தான் "எப்போது கொடுத்தாலும் சரி" என்று சொல்லும் வசதி இருக்கிறது. ரசாயனத்தில் வெளிறிப்போன மண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குக் கரண்ட் வந்த நொடியே தண்ணீர் வேண்டும். மின் சந்தை விலை கொடுத்துத் தேடுகிற அந்த நெகிழ்வு நம் மண்ணிலேயே விளைகிறது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பகல் முழுக்க மலிவான கரண்ட் என்பதற்காகப் பகல் முழுக்க இறைத்தால் நிலத்தடி நீர் போய்விடும். கரண்ட் மலிவானதால் தண்ணீர் மலிவாகிவிடாது. 600 அடியிலிருந்து 1,000 அடிக்கு இறங்கிய போர்களின் ஊர்களில் இருக்கிறோம் நாம்.

மற்ற மாநிலங்கள் காட்டும் வழி

குஜராத்தில் 2003 தொடங்கி மூன்று நாலு வருடத்தில் ஜோதிகிராம் திட்டத்தில் வீட்டு மின்பாதை வேறு, தோட்டத்து மின்பாதை வேறு என்று பிரித்தார்கள். வீடுகளுக்கு முழு நேரம். மோட்டாருக்கு நேரம் குறித்த 8 மணி நேரம், நல்ல வோல்டேஜில். பிரித்ததால்தான் எந்த நேரத்தில் எவ்வளவு போகிறது என்பதே தெரிந்தது.

மகாராஷ்டிரம் 2017-ல் இன்னொரு படி ஏறியது. துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சிறு சூரிய மின் நிலையம் வைத்து, அதை நேரே விவசாய பீடரில் இணைத்து, பகலில் கரண்ட் கொடுக்கும் திட்டம் அது. யூனிட் 3 ரூபாயை ஒட்டிய விலையில் ஒப்பந்தங்கள் போட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து கொண்டுவரும் இழப்பும் மிச்சம்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தூண்டி என்ற கிராமம். 2016-ல் அங்கே ஒரு சில உழவர்கள் சேர்ந்து சூரிய மோட்டார்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். மோட்டார் ஓட்டியது போக மிச்ச மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்றார்கள். அங்கே நடந்ததைக் கவனியுங்கள். தேவையில்லாமல் இறைத்தால் விற்க வேண்டிய மின்சாரம் வீணாகிறது என்று ஆனதும், தண்ணீரை அளந்து இறைக்க உழவருக்கே ஒரு காரணம் கிடைத்தது. கிணற்றுக்குக் காவல் போட சட்டத்தால் முடியாததை ஒரு நியாயமான விலை செய்யும்.

தோட்டத்தில் இன்றே செய்யக்கூடியவை

முதலாவது, ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை வந்ததும் தானாக மோட்டார் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் மாட்டியிருக்கிறோம். கரண்ட் வந்த அதே நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள 20 மோட்டாரும் ஒன்றாக எடுத்தால் என்ன ஆகும்? எடுக்கும்போது மோட்டார் ஓடும் நேரத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். வோல்டேஜ் விழும், பியூஸ் போகும், சில சமயம் டிரான்ஸ்பார்மரே போய், பத்து நாள் பயிர் காயும். ஒரே டிரான்ஸ்பார்மர்காரர்கள் உட்கார்ந்து பேசி, ஆளுக்குச் சில நிமிடம் தள்ளித் தள்ளித் தாமதம் வைத்துக்கொள்ளலாம். இதற்கு அரசாணை தேவையில்லை, ஒரு டீக்கடைப் பேச்சு போதும். தேரில் எல்லோரும் ஒரே சமயத்தில் குதித்து ஏறாமல் இருப்பது போல.

இரண்டாவது, கெப்பாசிட்டர். மோட்டார், தான் வேலைக்கு எடுக்கும் மின்சாரத்தோடு காந்தப் புலத்துக்கென்று ஒரு பங்கையும் பாதையில் இழுத்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். அது பாதையை அடைத்து வோல்டேஜைக் குறைக்கும். மோட்டாரின் அளவுக்கு ஏற்ற மும்முனைக் கெப்பாசிட்டரை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினால் அந்தப் பங்கு தோட்டத்திலேயே கிடைத்துவிடும். நம் பீடரின் கடைக்கோடியில் இருப்பவருக்கும் வோல்டேஜ் கூடும். இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டுவதற்காக மாட்டுகிறோமே, அந்தக் கண்டென்சர் வேலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மோட்டாரையும் சுடும், பாதையையும் சுடும்.

மூன்றாவது, ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு மும்முனை வந்தது, எத்தனை மணிக்குப் போனது, வோல்டேஜ் எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதுங்கள். ஒரு பீடரில் பத்துப் பேர் எழுதினால் அது மனு இல்லை, ஆதாரம்.

நாம் கேட்க வேண்டியவை

இந்தக் கணக்கின் மேல் நின்று மூன்று கோரிக்கைகளை நாம் வைக்கலாம். விவசாய பீடர்களைப் பிரித்து, வெயில் நேரத்தில் முழு மும்முனைக் கரண்ட், முன்கூட்டியே அறிவித்த நேரத்தில் வேண்டும். பீடரை ஒட்டிய சூரிய மின் நிலையங்களை அமைக்கும் உரிமையில் உழவர் கூட்டமைப்புகளுக்கு முதல் இடம் வேண்டும். வறண்ட நிலத்தில் அமைக்க பி.எம். குசும் திட்டத்தில் வழி இருக்கிறது. மாலை உச்ச நேரத்திலோ அவசர நேரத்திலோ நம் பீடரை நிறுத்தினால், அதைக் கட்டமைப்புக்கு நாம் தந்த சேவையாக எழுதி, அதன் மதிப்பை மானியக் கணக்கில் கழிக்க வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையைச் சொன்னதும், "அப்ப மீட்டர் வெப்பாங்களே" என்று ஒரு குரல் எழும். அந்தப் பயம் நியாயமானது. 1970களில் மின் கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவில் இறங்கி, உயிரையும் கொடுத்து நம் முன்னோர் பெற்ற உரிமை இது. மீட்டர் இன்று வந்தால் பில் நாளை வரும் என்ற சந்தேகம் போகாது. ஆனால் தனித்தனி மோட்டாருக்கு மீட்டர் வைக்காமலே இந்தக் கணக்கைப் போடலாம். துணைமின் நிலையத்தில் பீடருக்கு ஒரு மீட்டர் போதும். எந்தக் கால் மணி நேரத்தில் அந்தப் பீடரில் எவ்வளவு போனது என்று அது சொல்லும். அந்தக் கணக்கு ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும் என்று நாமே கேட்கலாம். அளப்பதைக் கண்டு நாம் ஒதுங்கி நின்றால், நமக்காக வேறு யாரோ குத்துமதிப்பாக அளந்து நம் தலையில் எழுதுவார்கள். இன்றுவரை அதுதான் நடக்கிறது.

கூட்டத்தில் கேட்ட அந்தத் தம்பிக்கு அன்றைக்கு முழுப் பதில் சொல்ல நேரம் இல்லை. இப்போது சொல்கிறேன். நாம் சும்மா வாங்குகிறவர்கள் இல்லை தம்பி. நாற்பது வருடமாகத் தேர் திணறும்போதெல்லாம் இறங்கி நடந்தவர்கள். பகலில் கரண்ட் கொடுங்கள் என்று கேட்பது சலுகை இல்லை; மலிவாக இருக்கும் நேரத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்கிற கணக்கு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் நோட்டைக் கொண்டு வாருங்கள். அதை வைத்துப் பேசுவோம்.